எண்பத்தைந்து

எண்ணூற்று நாற்பது பிராங்.
ஓவர்டைம் காசு. பிள்ளையின் பல்லுக்கு ஒதுக்கியதைத் தொடவில்லை,
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கமரா ஏற்கனவே இருக்கிறது.
உள்ளே கண்ணாடி இல்லாத வகை என்று
என் மனிசனுக்கு விளக்கப்போக,
"கண்ணாடி இல்லையெண்டு அதை வாங்கினாய்,
இப்ப ஏன் அதுக்குக் கண்ணாடி வாங்கப்போறாய்?" என்றார்.
நியாயமான கேள்வி. தமிழில் எல்லாம் கண்ணாடிதான்:
முகம் பார்ப்பது, மூக்கில் போடுவது,
வேலை முடியும்வரை என் முன்னால் நிற்பது.

பாசலில் ஆறாம் இலக்க ட்ராம் ஓட்டுகிறேன்.
அல்ஷ்வில்லில் இருந்து ரீஹன் எல்லை.
ரீஹன் எல்லையில் இருந்து அல்ஷ்வில்.

கிளாரா வீதியில் ஏபியின் கடை.
பழைய லென்ஸ்கள் மூன்றை
துணி விரித்து எடுத்து வைத்தார்.

இருபத்துநாலில் இருந்து எழுபது வரை போகிறது ஒன்று.
எல்லாம் செய்யும். முக்கால் கிலோ.
இது என் கையில் இருப்பது தெரிந்தால்
சாமத்தியவீடு, தேர், முப்பத்தோராம் நாள் என்று
சனம் கூப்பிடத் தொடங்கும்,
சாப்பாடு போட்டுக் கணக்கைத் தீர்க்கும்.

முப்பத்தைந்து, உள்ளங்கைக்குள் அடங்கியது.
கண்ணில் வைத்தேன்:
தண்டவாளம், சைக்கிள், காதில் வயரோடு குறுக்கே வரும் பொடியன்,
புறா, வலப்பக்கத்து லொறி
எல்லாம் ஒரே நேரத்தில்.
கை தன்பாட்டில் பிரேக்கைத் தேடியது.
"வேண்டாம், இது சம்பளத்துக்குப் பார்க்கிற பார்வை" என்றேன்.

பிறகு எண்பத்தைந்து. துவாரம் ஒன்று புள்ளி எட்டு.
ஏபி கதவைத் திறந்துவிட்டார்.
எட்டாம் இலக்கம் வந்துகொண்டிருந்தது.
வீதி கரைந்து வெறும் நிறமாகிப் பின்னுக்குப் போக
நெவின் மட்டும் மிஞ்சினாள்.

ஒன்பது வருடம் ஒரே ஓய்வறை.
கோப்பிக்குச் சீனி இரண்டு, முழங்கால் நோ,
அங்காராவில் தம்பி, எல்லாம் தெரியும்.
இந்த முகம் தெரியாது.
உதடு அசைகிறது, பாட்டோ திட்டோ.
எல்லாரையும் பார்த்துக்கொண்டு
ஒருத்தருக்கும் காட்டாத முகம்.
அமத்த மறந்துபோனேன்.

"எனக்கும் இப்படி ஒன்று இருக்குமோ?"
ஏபிக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன்.
கலண்டரைப் புரட்டி,
"புதன் எத்தனை மணிக்கு இதால் வருவீர்கள்?" என்றார்.

பதினொன்று நாற்பத்திரண்டு.
நல்ல மழை.
கடை வாசலில் குடைக்குள்ளே ஏபி, என் கமராவோடு.
கவனிக்காத மாதிரி ஓட்டவேண்டும் என்று நினைத்தேன்,
நினைத்ததும் முகம் கெட்டது.
அந்தக் கறுப்பு வட்டம் என் பக்கம் திரும்ப
மணியை ஒருதரம் அடித்துவிட்டேன்.
தண்டவாளத்தில் ஒரு காகம்கூட இல்லை.

பின்னேரம் படத்தைப் பார்த்தோம்.
வைப்பர்! என்ன துல்லியம்.
ரப்பரில் வெடிப்பு, வெடிப்பின் நுனியில் ஒரு துளி.
அதற்குப் பின்னால்
வெயிலில் வைத்த வெண்ணெய்போல ஒரு ஆள்.

"பின்னணி எவ்வளவு வடிவாக மங்குது பாருங்கோ"
என்ற கருத்துப்பட ஏபி ஏதோ சொன்னார்.
விற்கிறவர்தானே.
"பின்னணி நான்" என்றேன்.

அவர் அந்தத் துளியைப் பெருப்பித்தார்,
இன்னும், இன்னும்,
கட்டம் கட்டமாக உடையும்வரை.
உள்ளே தலைகீழாகக் கடுகளவு நீலம்.
என் யூனிபோம்.
அதன் கீழே பழுப்பாக ஒரு புள்ளி,
முகம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

விலை நானூற்றுத் தொண்ணூறு.
மூடி தொலைந்ததற்குப் பத்துக் கழிவு.
இன்னும் வாங்கவில்லை.

அடுத்த புதன் மறுதிசையில் வருகிறேன், பன்னிரண்டு ஐந்துக்கு.
வீதியைக் கடந்து அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.
வைப்பரில் இல்லை, கண்ணில் குவியுங்கள் என்றும்.
மழை பெய்தால்
நிறுத்தத்தில் நிற்கும்போது வைப்பரை ஒரு நொடி நிறுத்துவேன்.
இதை டிப்போவில் சொல்லவேண்டாம்.